அறிமுகமில்லாத முதல் வாடிக்கையாளர்

தெருவில் கடை திறப்பவருக்கு, பெயர்ப்பலகையை மாட்டிய அன்றே அந்த வழியாகப் போய்வருகிறவர்கள் என்றொரு கூட்டம் தானாகக் கிடைத்துவிடுகிறது. அவர்களில் ஒருவரும் உள்ளே வராவிட்டாலும், அங்கே ஒரு கடை இருப்பது சிலர் கண்ணிலாவது படும். இணையக் கடைக்கு அந்த வசதி கிடையாது. யாராவது இணைப்பைக் கொடுத்தாலொழிய, அல்லது தேடுபொறி காட்டினாலொழிய, அப்படி ஒரு கடை இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. கட்டண விளம்பரம் என்பது அந்தத் தெருவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான். வாடகை நின்றதும் கூட்டமும் நின்றுவிடும். பணம் இருப்பவர்களுக்குக்கூட, கடை திறந்த முதல் சில மாதங்களில் அந்த வாடகையைக் கொடுக்க வேண்டாம் என்றே நான் சொல்லிவருகிறேன். யார் வாங்குவார்கள், எந்தச் சொல்லைக் கேட்டு வாங்குவார்கள் என்று தெரியாத நிலையில் செய்யும் விளம்பரம், அதைத் தெரிந்துகொள்வதற்கான செலவாகவே பெரும்பாலும் முடிகிறது; அதே விஷயத்தை நான்கு பேரிடம் பேசியே தெரிந்துகொள்ளலாம்.

1995 ஜூலையில் அமேசான் புத்தக விற்பனையைத் தொடங்கியபோது, ஒவ்வோர் ஆர்டர் வரும்போதும் அலுவலகத்துக் கணினியில் மணி ஒலிக்கும்படி வைத்திருந்தார்கள் என்பது பலரும் கேட்ட செய்தி. மணி ஒலித்ததும் எல்லோரும் கூடி, வாங்கியவர் நம்மில் யாருக்காவது தெரிந்தவரா என்று பார்ப்பார்களாம். மணி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட்டார்கள் என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கோ, ‘தெரிந்தவரா?’ என்ற அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. உறவினரும் நண்பரும் வாங்குவது நமக்காக. அவர்கள் நம் பொருளை வாங்கினார்கள் என்பதிலிருந்து அந்தப் பொருள் விற்கும் என்று முடிவு கட்ட முடியாது. நம்மை அறியாத, நமக்கு எந்தக் கடமையும் படாத ஒருவர், தன் தேவைக்காகத் தன் பணத்தைக் கொடுத்து வாங்கும் அந்த ஆர்டர்தான் கடையின் முதல் ஆர்டர். அதுவரை நடப்பதெல்லாம் ஒத்திகை என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அதற்காகத் தெரிந்தவர்களிடம் சொல்லவே கூடாது என்பதில்லை. அவர்களிடம் எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பேச்சு வசதிக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம்: இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கான கத்தரிக்கோல், அளவுகோல், பேனா, குறிப்பேடு ஆகியவற்றை மட்டும் விற்கும் இணையக் கடை. மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடதுகைக்காரர் என்பதால், சந்தை சிறியதுமில்லை, சிதறிக் கிடப்பதால் எளிதில் எட்டக்கூடியதுமில்லை. இந்தக் கடைக்காரர் தன் கைபேசியில் உள்ள எல்லோருக்கும் ஒரே செய்தியாக, “புதிய கடை தொடங்கியிருக்கிறேன், ஆதரவு தாருங்கள்” என்று அனுப்பினால், வாழ்த்துகள் வரும், கைகூப்பும் பொம்மைகள் வரும், ஆர்டர் வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, “உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் இடதுகையால் எழுதும் குழந்தை யாராவது உண்டா? அவர்கள் கத்தரிக்கோல் பிடிக்கச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டால், படிப்பவர் மனத்தில் உடனே ஒரு முகம் தோன்றும். முதல் செய்தி அவரிடம் தயவை எதிர்பார்க்கிறது. இரண்டாவது செய்தி அவருடைய நினைவைத் தூண்டுகிறது, அவ்வளவே. அதற்குப் பதில் சொல்வதும் அவருக்கு எளிது.

இதில் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ உடன் வேலை செய்தவர், பழைய வகுப்புத் தோழர், ஒரு பயிற்சியில் அறிமுகமானவர் போன்றவர்களே அதிகம் பயன்படுவார்கள். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் இதற்கான காரணத்தைத் தெளிவாக எழுதினார்: நெருங்கியவர்கள் நம்முடைய வட்டத்திலேயே புழங்குவதால் நாம் அறிந்தவர்களையே அவர்களும் அறிந்திருப்பார்கள், தொலைவான அறிமுகங்களோ வேறு வட்டங்களுக்குள் நம்மைக் கொண்டுபோய்விடும். அவர் ஆராய்ந்தது மக்களுக்கு வேலை கிடைக்கும் வழிகளை. முதல் வாடிக்கையாளர் கிடைக்கும் வழியும் அதிலிருந்து வெகுவாக மாறுபட்டதில்லை.

இனி நான் மிகுந்த நம்பிக்கை வைத்திருக்கும் வழிக்கு வருகிறேன். நாம் விற்கும் பொருள் எந்தக் குறையைத் தீர்க்கிறதோ, அந்தக் குறையை யாரோ எங்கோ ஏற்கனவே எழுதி வைத்திருப்பார்கள். ஃபேஸ்புக் குழுக்கள், ரெடிட், குவோரா, யூடியூப் காணொளிகளுக்குக் கீழுள்ள கருத்துகள், பெரிய விற்பனைத் தளங்களில் போட்டிப் பொருட்களுக்கு வந்த ஒற்றை நட்சத்திர, இரட்டை நட்சத்திர மதிப்புரைகள் ஆகிய எல்லாம் மனிதர்கள் தங்கள் தேவையைத் தங்கள் சொற்களிலேயே கொட்டிவைத்திருக்கும் இடங்கள். கடைக்காரர் தொடக்கத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது இவற்றைப் படிக்க வேண்டும். விற்பதற்கு முன் வெறுமனே படிக்க வேண்டும். இடதுகைக்காரர்கள் “இடதுகைக் கத்தரிக்கோல் எங்கே கிடைக்கும்” என்று மட்டும் எழுதுவதில்லை. “வெட்ட வேண்டிய கோடு தெரியவே மாட்டேன் என்கிறது”, “தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொள்கிறது”, “எழுதி முடித்தால் கையெல்லாம் மை” என்றும் எழுதுவார்கள். வலதுகைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குப் பதிலாக விலக்கிவிடும். மேல் அலகு வெட்டுக் கோட்டை மறைத்தும்விடும். இந்தக் காரணம் தெரியாமல் தன் கைதான் சரியில்லை என்று பல ஆண்டுகளாக நினைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதை நான்கு வரிகளில் விளக்கிப் பதில் எழுதுகிறவர், பொருளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே நம்பிக்கையைச் சம்பாதித்துவிடுகிறார்.

இத்தகைய குழுக்களில் இணைப்பைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களை எல்லோரும் அடையாளம் கண்டுவிடுவார்கள்; நிர்வாகிகள் நீக்கியும் விடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதிகள் உண்டு, அவற்றை முதலில் படிக்க வேண்டும். ரெடிட்டில் நெடுங்காலமாக ஒரு பொது வழக்கம் பேசப்பட்டுவந்தது: பத்துப் பதிவுகளில் ஒன்றுக்கு மேல் தன் சொந்தச் சரக்கைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எண்ணிக்கை எதுவானாலும் அதன் உட்பொருள் சரி. விற்பனையாளர் என்பதை மறைத்து, பொருளை வாங்கி மகிழ்ந்த வாடிக்கையாளர்போல நடித்து எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நெறி ஒருபுறம் இருக்க, அது நடைமுறையிலும் முட்டாள்தனம். ஒருமுறை வெளிப்பட்டால் அந்தக் குழு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். “நான் இந்தப் பொருட்களை விற்பவன், எனவே என் கருத்தில் சார்பு இருக்கலாம்” என்று தொடங்கிப் பயனுள்ள பதிலைத் தருபவரை வியக்கத்தக்க அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டவர் மட்டுமே படிப்பார் என்றும் நினைக்க வேண்டாம். அதே சிக்கலோடு பல மாதங்கள் கழித்துத் தேடுபொறி வழியாக வந்துசேர்கிறவர்கள் பல மடங்கு இருப்பார்கள்.

அங்கே படித்த சொற்களை அப்படியே கொண்டுவந்து பொருளின் பக்கத்தில் வைக்க வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த விவரணையை ஒட்டிவைக்கும் கடைகள்தான் அதிகம். அதே வரிகள் நூறு தளங்களில் இருப்பதால் தேடுபொறிக்கும் அதில் புதிது எதுவுமில்லை, படிப்பவருக்கும் எதுவுமில்லை. “துருப்பிடிக்காத எஃகு, பணிச்சூழலியல் வடிவமைப்பு” என்பதைவிட “வெட்டும் கோடு உங்கள் கண்ணுக்கு மறையாது” என்பது எவ்வளவோ மேல்.

வருகிறவர்கள் குறைவாக இருக்கும் காலத்தில் ஒருவரைக்கூட வாசலில் இழக்கக் கூடாது. இணையக் கடைகளின் பயன்பாட்டை ஆராயும், டென்மார்க்கிலுள்ள பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கின்படி, இணையக் கடைகளில் கூடையில் பொருளைச் சேர்ப்பவர்களில் சுமார் 70% பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள். சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டால், முதன்மையான காரணம் கடைசிப் படியில் திடீரென்று முளைக்கும் அனுப்புக் கட்டணம், வரி போன்ற கூடுதல் செலவுகள். கணக்கு தொடங்கினால்தான் வாங்கலாம் என்ற கட்டாயமும் முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. இரண்டையும் ஒரே மாலையில் சரிசெய்துவிடலாம். அனுப்புக் கட்டணத்தையும் எத்தனை நாளில் பொருள் வந்துசேரும் என்பதையும் பொருளின் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கணக்கு இல்லாமலும் வாங்க வழி வைக்க வேண்டும். திருப்பி அனுப்பும் விதிமுறை, தொடர்புகொள்ளும் வழி, கடையை நடத்துவது யார் என்பது ஆகிய மூன்றும் எளிதில் கண்ணில் படவேண்டும், ஏனெனில் முன்பின் தெரியாத கடையில் அட்டை எண்ணைத் தட்டுகிறவரின் அச்சம் நியாயமானது.

படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல், வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் நியூயார்க்கில் தங்கள் தளத்தில் இடம் கொடுத்தவர்களின் வீடு வீடாகப் போய்த் தாங்களே நல்ல படங்கள் எடுத்துக் கொடுத்தபின் அங்கே வருமானம் ஏறியதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் மிதக்கும் படம் ஒன்று போதாது. பொருள் ஒரு கையில் இருக்கும் படம், அளவு புரியும் படம், தையலோ விளிம்போ தெரியும் அண்மைப் படம், பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்ற படம் எனக் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்குப் படம்தான் கை.

இன்னொன்று: கடையை யாருக்கும் அறிவிப்பதற்கு முன், அதை இதுவரை பார்த்திராத ஒருவரைக் கைபேசியில் ஒரு பொருளை வாங்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். எங்கே தயங்குகிறார், எதைத் தேடுகிறார், எந்த இடத்தில் “இது என்ன?” என்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும், ஏனெனில் நாளை வரும் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நாம் இருக்கமாட்டோம்.

தேடுபொறி வழியாக வருபவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள், மாதங்கள் ஆகும். ஆனாலும் முதல் நாளே செய்யவேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. ‘விரைவில் திறப்பு’ என்று பூட்டிவைத்த கடவுச்சொல்லையோ, தேடுபொறிகளைத் தடுக்கும் நோஇண்டெக்ஸ் குறியையோ நீக்காமலே கடையைத் திறந்துவிட்டு, கூகுளில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம். தள உரிமையாளர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுப்பதற்குக் கட்டணமில்லை. 2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் முறைப்படி விலை, இருப்பு, மதிப்பீடு ஆகியவற்றைப் பக்கத்தின் நிரலில் குறித்துவைத்தால் தேடல் முடிவிலேயே அவை தெரிய வாய்ப்புண்டு. பெரும்பாலான கடை மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. கடைகள் தங்கள் பொருள் விவரங்களைக் கூகுளுக்குக் கொடுக்கும் இடமான கூகுள் மெர்ச்சன்ட் சென்டரைப் பலர் விளம்பரதாரர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும், அதே ஆண்டின் பிற்பகுதியில் மற்ற பல நாடுகளிலும், ஷாப்பிங் பகுதியில் பொருட்களை இலவசமாகவே பட்டியலிட கூகுள் இடம் கொடுத்துவிட்டது.

பக்கங்களை எழுதும்போது ‘கத்தரிக்கோல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய கடைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். “இடதுகைப் பழக்கமுள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு எந்தக் கத்தரிக்கோல்” என்று தேடுகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் வாங்க வந்தவர்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான, முழுமையான பதிலாக ஒரு பக்கம் எழுதினால், தன்னிடம் இல்லாத பொருளையும் தேவைப்பட்டால் பரிந்துரைத்து எழுதினால், அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். காலத்தை ஒட்டிய வாய்ப்புகளும் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 13 இடதுகைக்காரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது, அன்றைக்கு எழுத விஷயம் தேடும் பத்திரிகையாளர்களும் வலைப்பதிவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே எழுத வேண்டும்.

சமூக ஊடகங்களைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பின்தொடர்பவர்கள் இல்லாத பக்கத்தில் தினமும் பதிவிடுவது உழைப்பின் தோற்றத்தைத் தருமே தவிர ஆர்டர்களைத் தராது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது, வணிகப் பக்கங்களைக் காண்போர் எண்ணிக்கை குறைந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பின்தொடர்பவர்களை எட்டவே பணம் கட்டவேண்டிய நிலை பலருக்கு வந்தது. எனவே ஒருவரைக் காணொளி வழியாகக் கவர்ந்தாலும், அவர் விருப்பத்தோடு தரும் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டுப் பெறுவதே நிலைக்கும். முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குவது பல நாடுகளில் சட்டச் சிக்கல், எல்லா நாடுகளிலும் வீண். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகளை மொத்தமாக அனுப்புவோரிடம் கட்டாயமாக்கியதோடு, ஸ்பாம் (வேண்டாத அஞ்சல்) புகார்கள் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டன. 200 பேருக்குப் போன கடிதத்தை ஒரே ஒருவர் ஸ்பாம் என்று குறித்தாலே கணக்கு 0.5 விழுக்காடு. வாட்ஸ்அப்பின் வழக்கமான ஒலிபரப்புப் பட்டியலிலும் 256 பேர் வரம்பு உண்டு. நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். கருவிகளே இப்போது சம்மதம் கேட்கப் பழக்குகின்றன.

வாங்கியவர் இன்னொருவரை அழைத்துவரும் வழி இணையத்துக்கு முந்தியது. அஞ்சல்வழி விற்பனை செய்துவந்த அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம், 1905இல் அயோவா மாநிலத்திலிருந்த தன் நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி, ஆளுக்கு 24 விலைப்பட்டியல் புத்தகங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கச் சொன்னது. பெற்றவர்கள் ஆர்டர் செய்தால், கொடுத்தவருக்கு அடுப்பு, மிதிவண்டி, தையல் இயந்திரம் போன்ற பரிசுகள் கிடைத்தன. நூறாண்டு கழித்து, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் சேவையான டிராப்பாக்ஸ் செய்ததும் இதுவே, ஒரு திருத்தத்தோடு: அழைத்தவருக்கும் வந்தவருக்கும் சமமாக 500 எம்பி சேமிப்பிடம் கொடுத்தார்கள். இருவருக்கும் பயன் இருக்கும்போது, நண்பனை விற்றுக் காசு பார்க்கிறோம் என்ற கூச்சம் பரிந்துரைப்பவருக்கு எழுவதில்லை. புதிய கடைக்கு இதற்கென மென்பொருள் எதுவும் தேவையில்லை. பார்சலுக்குள் கையால் எழுதிய சீட்டும் ஒரு கூப்பன் குறியீடும் போதும். கேட்கும் நேரம்தான் முக்கியம். பணம் கட்டிய கணத்தில் கேட்கக் கூடாது, பொருளைப் பயன்படுத்தி மகிழ்ந்தபின் கேட்க வேண்டும்.

மதிப்புரையும் அப்படியே. “ஐந்து நட்சத்திரம் தாருங்கள்” என்பதைவிட, “குழந்தை இதை எதற்குப் பயன்படுத்தினாள், எது சிரமமாக இருந்தது?” என்று கேட்டால் பிறருக்குப் பயன்படும் உரை கிடைக்கும், அனுமதி பெற்றுப் பக்கத்தில் இடலாம். போலி மதிப்புரைகளை எழுதுவதும் வாங்குவதும் இப்போது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். அமெரிக்காவில் இதற்கான தனி விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கும் முன்பே. சிறிய யூடியூபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவச மாதிரி அனுப்புவது நல்ல வழிதான். ஆனால் இலவசமாகப் பெற்றதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், குறையிருந்தால் குறை சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். பொருளைக் குலுக்கல் பரிசாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. பரிசுக்கு வந்தவர்கள் அடுத்த பரிசுக்குத்தான் மறுபடியும் வருவார்கள்.

எது பலன் தருகிறது என்பதை அறிய, பணம் கட்டும் பக்கத்தில் “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” என்று ஒரு வெற்றுக் கட்டம் வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். விழுக்காடுகளை நம்பிப் பதற வேண்டாம். நூறு பேர் வந்தால் இருவர் வாங்கும் நல்ல கடையிலேயே, 30 பேர் வந்தும் ஒருவர்கூட வாங்காமல் போவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதே கடைக்கு 150 பேர் வந்தும் ஆர்டர் வராமலிருக்க வாய்ப்பு நூறில் ஐந்துதான். அப்போது பொருளையோ விலையையோ பக்கத்தையோ சந்தேகிக்கத் தொடங்கலாம். “எங்களை எப்படி அறிந்தீர்கள்?” என்ற அந்த வெற்றுக் கட்டத்தில் ஒரே குழுவின் பெயரோ, நாம் எழுதிய ஒரே பக்கத்தின் பெயரோ முன்பின் தெரியாதவர்களால் திரும்பத் திரும்ப நிரப்பப்படும்போது, எந்த மனிதர்கள், எந்தச் சொல்லுக்காக வருகிறார்கள் என்பதும், ஓர் ஆர்டரில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் தெரிந்திருக்கும். விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.